மலைச்சரிவில் சைக்கிள் ஓட்டிச் சம்பளம் வாங்குவது எப்படி?

சைக்கிள் போட்டி என்றால் நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் ஒன்றுதான்: குறைந்த நேரத்தில் ஓட்டி முடிப்பவர் வென்றவர். டூர் டி ஃபிரான்ஸ் அப்படித்தான். மலை உச்சியிலிருந்து தனித்தனியாகப் பாய்ந்து இறங்கும் டவுன்ஹில் பந்தயமும் அப்படித்தான், அங்கே நொடியின் சிறு பின்னத்தில்கூட வெற்றி தோல்வி மாறிவிடும். ஃப்ரீரைடு என்ற மவுண்டன் பைக் வகையில் மட்டும் இந்தக் கணக்கு எடுபடாது. அங்கே கடிகாரம் கிடையாது, போடப்பட்ட பாதையும் கிடையாது. மலை இருக்கிறது, எந்த வழியாக, எப்படி இறங்குவது என்பதை ஓட்டுபவரே முடிவு செய்துகொள்கிறார்.

சரி, நேரமும் இல்லை, பந்தயப் பாதையும் இல்லை என்றால் இதற்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? முழுநேரத் தொழிலாக இதைச் செய்பவர்கள் உலகில் இருக்கிறார்கள், மிகக் குறைவு என்றாலும். அவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று பார்த்தால் இந்த விளையாட்டே புரிந்துவிடும்.

கதை தொடங்குவது கனடாவின் மேற்கு ஓரத்தில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில். வான்கூவர் நகரத்துக்கு எதிரே, கடல்நீர் தாண்டி, ஃப்ரோம், சீமோர், சைப்ரஸ் என்று வரிசையாக மலைகள். அந்தப் பகுதியை நார்த் ஷோர் என்கிறார்கள். ஆண்டில் பாதி நாள் மழை, தரையெல்லாம் சேறும் வேரும். சாதாரணமாக அங்கே சைக்கிள் ஓட்ட முடியாது. 1990-களில் உள்ளூர்க்காரர்கள் சிலர் விழுந்து கிடந்த செடார் மரங்களைப் பிளந்து, பலகைகளைக் குறுக்கே அடித்து, சேற்றுக்கு மேலே ஏணி மாதிரி பாலங்களைக் கட்டினார்கள். முதலில் சேற்றைத் தாண்டத்தான். அப்புறம் பாலங்கள் உயர்ந்தன, குறுகின, வளைந்தன, சில இடங்களில் நட்டநடுவில் அறுந்தும் நின்றன, வேண்டுமென்றே.

அதே மாகாணத்தில், உள்ளே தள்ளி, கம்லூப்ஸ் என்ற வறண்ட ஊர். அங்கே மரமில்லாத சரளைச் சரிவுகள். வேட் சிம்மன்ஸ், ரிச்சி ஷ்லே, பிரெட் டிப்பி என்ற மூன்று பேர் அந்தச் சரிவுகளில் பனிச்சறுக்குக்காரர்கள் போல வளைந்து வளைந்து இறங்கத் தொடங்கினார்கள். 1990-களின் கடைசியில் ராக்கி மவுண்டன் என்ற கனடிய சைக்கிள் நிறுவனம் இந்த மூவரையும் ஒரு அணியாக்கியது. அவர்களுக்கு இடப்பட்ட வேலை பந்தயத்தில் ஜெயிப்பதல்ல. மலைகளில் ஓட்ட வேண்டும், அதைப் படம் பிடிக்க விட வேண்டும், பார்ப்பவனுக்கு அந்த சைக்கிளை வாங்கத் தோன்ற வேண்டும். இன்றைக்கு ஃப்ரீரைடில் சம்பளம் வாங்கும் ஒவ்வொருவரின் ஒப்பந்தத்துக்கும் அடிப்படை இந்த ஏற்பாடுதான். சைக்கிளின் தொழில்நுட்பம் தலைகீழாக மாறிவிட்டது, ஏற்பாடு மாறவில்லை.

இந்த உலகத்தின் பெரிய மேடை ரெட் புல் ராம்பேஜ். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸையன் தேசியப் பூங்காவுக்குப் பக்கத்தில் வெர்ஜின் என்று சின்ன ஊர். ஊருக்கு வெளியே செந்நிற மணற்பாறை மேடுகள், பார்த்தாலே காலடி வைக்கத் தயங்கும் முகடுகள். 2001-ல் முதல் ராம்பேஜ் அங்கே நடந்தது, வென்றவர் மேலே சொன்ன வேட் சிம்மன்ஸ். 2004 வரை நடந்துவிட்டு, ஆபத்து கைமீறிப் போகிறது என்று நிறுத்தினார்கள். 2008-ல் திரும்ப வந்தது. அழைப்பு வந்தால்தான் கலந்துகொள்ள முடியும், ஆண்கள் பிரிவில் ஏறத்தாழ இருபது பேர்.

முதன்முறை பார்ப்பவர்களுக்கு ராம்பேஜில் தெரிவது ஒன்றரை, இரண்டு நிமிட ஓட்டம் மட்டும். ஒருவர் முகட்டில் நிற்கிறார், கீழே விழுவது போல் இறங்குகிறார், இரண்டு மாடி, மூன்று மாடி உயரத்திலிருந்து தாவுகிறார், நடுவில் ஒரு குட்டிக்கரணம், முடிந்தது. அந்த இரண்டு நிமிடத்துக்கு முன்னால் நடப்பதுதான் உண்மையான வேலை. ஒவ்வொரு ரைடருக்கும் இரண்டு உதவியாளர்கள், அவர்களை டிக்கர் என்கிறார்கள். மூவரும் நாள்கணக்காக வெயிலில் நின்று மண் வெட்டுகிறார்கள். கையால் பிடிக்கும் கருவிகள் மட்டும்தான், கடப்பாரை, மண்வெட்டி, கூர்முனைக் கோடாலி. இயந்திரம் எதற்கும் அனுமதி இல்லை. தாவும் விளிம்பைச் செதுக்கவும், இறங்கும் சரிவை மணல்மூட்டை அடுக்கித் தட்டவும் அந்த வறண்ட நிலத்தில் தண்ணீரை மேலே சுமக்க வேண்டும், தண்ணீர் தெளித்து அடித்தால்தான் மண் இறுகும். கூத்தாடுபவரே மேடையும் கட்டிக்கொள்ள வேண்டும் என்றால் எப்படி இருக்கும், அப்படி.

இப்படிக் கட்டிக்கொள்ளும் பாதைக்கு லைன் என்று பெயர். ஃப்ரீரைடர்கள் பேசுவதைக் கேட்டால் சைக்கிளைப் பற்றிப் பேசுவதைவிட லைனைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். யாரும் இதுவரை இறங்காத முகட்டை முதலில் பார்ப்பது ஒரு திறமை. அது சாத்தியமா என்று மனக்கணக்குப் போடுவது இன்னொரு திறமை: இந்த விளிம்பில் எவ்வளவு வேகம் வேண்டும், இறங்கும் சரிவு என்ன கோணத்தில் இருந்தால் முழங்கால் தப்பும், பக்கக்காற்று அடித்தால் எங்கே போய் விழுவோம். பாதையை முழுதாக ஒத்திகை பார்க்கவும் முடியாது. சில தாவல்களைப் போட்டி நாளில்தான் முதன்முதலாகச் செய்கிறார்கள். காற்று பலமாக அடித்தால் போட்டியே மணிக்கணக்கில் காத்திருக்கும். கைக்குட்டை அளவு துணியைக் கம்பத்தில் கட்டிவைத்து, அது அசைவதைப் பார்த்துக்கொண்டே முகட்டில் நிற்பார்கள். நேரலையில் மிகவும் சலிப்பூட்டும் கட்டம் இது. எனக்கோ பிடித்த கட்டம், ஏனென்றால் ரைடரின் முகம் அப்போதுதான் தெரிகிறது.

நடுவர்கள் நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்கள்: லைன் எவ்வளவு கடினம், எவ்வளவு பெரிதாகத் தாவினார், தடுமாறாமல் ஒரே ஓட்டமாக இறங்கினாரா, என்ன வித்தையை எவ்வளவு அழகாகச் செய்தார். இரண்டு முறை இறங்கலாம், அதில் நல்லது எதுவோ அது கணக்கு. மதிப்பெண் மனிதர்கள் போடுவது, எனவே ஒவ்வோர் ஆண்டும் சண்டை உண்டு. சண்டை இல்லாத ராம்பேஜ் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

ஆனால் ஒன்று: தொழில் என்று பார்த்தால் இந்த மதிப்பெண்ணுக்கு இருக்கும் மரியாதை குறைவு. 2013 ராம்பேஜை எடுத்துக்கொள்ளுங்கள். வென்றவர் கைல் ஸ்ட்ரெய்ட், 2004-ல் 17 வயதிலேயே இதே போட்டியை வென்றவர், சாதாரண ஆள் அல்ல. ஆனால் அந்த ஆண்டு உலகம் பார்த்தது இரண்டாம் இடம் வந்த நியூசிலாந்துக்காரர் கெல்லி மெக்கேரியை. 72 அடி அகலமுள்ள பள்ளத்தை அவர் பின்பக்கக் குட்டிக்கரணம் போட்டுக் கடந்தார். தலைக்கவசத்தில் மாட்டியிருந்த கேமரா அதை அவர் கண்ணால் பார்ப்பது போலவே பதிவு செய்தது. சைக்கிளைப் பற்றி எதுவும் தெரியாதவர்கள்கூட அந்த வீடியோவைக் கோடிக்கணக்கில் பார்த்தார்கள். கேமராவை விற்ற நிறுவனத்துக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது. மெக்கேரி 2016-ல் குயின்ஸ்டவுன் அருகே சைக்கிள் ஓட்டும்போது இதயம் நின்று இறந்துபோனார். அந்த வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆக, பணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடை கிட்டத்தட்ட வந்துவிட்டது. பரிசுத்தொகை என்பது மேல்வருமானம். வருடம் முழுக்கச் சோறு போடுவது ஸ்பான்சர் ஒப்பந்தம்.

இந்த ஒப்பந்தங்களில் பல படிகள் உண்டு. அடிப்படியில் இருக்கும் இளைஞனுக்குக் காசு கிடைக்காது, சைக்கிளோ உதிரிப் பாகமோ இலவசமாக அல்லது கழிவு விலையில் கிடைக்கும். அதற்கே அவன் துள்ளிக் குதிப்பான், ஏனென்றால் மாதம் ஒரு சக்கரம் உடைகிறது. அடுத்த படியில் பயணச் செலவைத் தருவார்கள். அதற்கு மேலேதான் மாதச் சம்பளம். சம்பளத்தோடு சேர்த்து ஊக்கத்தொகை இருக்கும்: போட்டியில் மேடை ஏறினால் இவ்வளவு, நிறுவனத்தின் பெயர் தெரியும்படி பத்திரிகை அட்டையில் படம் வந்தால் இவ்வளவு என்று. பத்திரிகைகள் தேய்ந்த பிறகு அந்த இடத்தை யூட்யூப், இன்ஸ்டாகிராம் எண்ணிக்கைகள் பிடித்துக்கொண்டன. உச்சியில் இருக்கும் சிலருக்குத் தங்கள் பெயரிலேயே கைப்பிடி, இருக்கை, டயர் என்று பொருள்கள் வரும், விற்பனையில் பங்கும் வரும்.

சைக்கிள் நிறுவனம் ஒன்று, ஷாக் அப்சார்பர் நிறுவனம் ஒன்று, டயர், தலைக்கவசம், காலணி, கண்ணாடி, சட்டை என்று ஒரே ஆள் உடம்பில் ஏழெட்டு ஒப்பந்தங்கள் தொங்கும். இவற்றில் எல்லாருக்கும் கண் இருப்பது எனர்ஜி டிரிங்க் நிறுவனங்களின் மேல்தான். சைக்கிள் தொழிலில் புழங்கும் பணத்துக்கும் பானத் தொழிலில் புழங்கும் பணத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அதனால்தான் ரெட் புல்லின் காளை மாடு வரைந்த தலைக்கவசம் கிடைத்த நாளைச் சில ரைடர்கள் பதக்கம் கிடைத்த நாளைப் போலச் சொல்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டை முழுக்கப் புரிந்துகொண்டவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் பிராண்டன் செமனுக்கைத்தான் காட்டுவேன். 1991-ல் பிறந்தவர், விஸ்லரில் வளர்ந்தவர். விஸ்லர் என்றால் இந்த விளையாட்டின் தலைநகரம் என்றே சொல்லலாம்: குளிர்காலத்தில் பனிச்சறுக்கு மலை, கோடையில் அதே லிஃப்டில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய் இறங்கலாம். 2008-ல் ராம்பேஜ் திரும்ப வந்தபோது வென்றவர் 17 வயதான செமனுக். பிறகு 2016, 2019, 2021, 2024 என்று மொத்தம் 5 முறை வென்றார், வேறு யாருக்கும் இது வாய்க்கவில்லை.

இடையில் அவர் ஸ்லோப்ஸ்டைல் என்ற கிளையிலும் கொடிகட்டிப் பறந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை: ஸ்லோப்ஸ்டைலில் மலை இயற்கையானதல்ல. மண்ணாலும் மரத்தாலும் கட்டிவைத்த தாவுமேடுகள் வரிசையாக இருக்கும், எல்லாரும் அதே வரிசையில்தான் ஓட்ட வேண்டும், ஒவ்வொரு மேட்டிலும் ஒரு வித்தை. 2004-ல் விஸ்லரில் தொடங்கிய கிராங்க்வொர்க்ஸ் திருவிழாதான் இதற்கு அரங்கம், பிற்பாடு நியூசிலாந்தின் ரோட்டோருவா, ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் என்று நீண்டது. ஸ்வீடன்காரர் எமில் யோஹான்சன் போட்டிக்குப் போட்டி தொடர்ந்து வென்று மற்றவர்களை மலைக்க வைத்தது இங்கேதான். ராம்பேஜ் சைக்கிள் முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் வரை அமுங்கும் கனமான ஆள். ஸ்லோப்ஸ்டைல் சைக்கிள் சின்னது, விறைப்பானது, 100 மில்லிமீட்டர் அமுங்கினால் அதிகம்.

செமனுக் இந்த இரண்டையும் கலந்தவர். காற்றில் இருக்கும்போது கைப்பிடியை ஒரு முழுச்சுற்றுச் சுழற்றிப் பிடிப்பது பார்ஸ்பின், சைக்கிளின் உடலையே காலடியிலிருந்து உதறிச் சுற்றவிட்டு மறுபடி ஏறிக்கொள்வது டெயில்விப். பெரிய மலைக்கான சைக்கிள்களில் முன்சக்கரத் தாங்கி இரண்டு தட்டுகளால் பிணைக்கப்பட்டு வலுவாக இருக்கும், ஆனால் கைப்பிடியை முழுதாகத் திருப்பினால் சட்டகத்தில் இடிக்கும். எனவே செமனுக் ராம்பேஜிலேயே ஒற்றைத் தட்டுத் தாங்கியோடு இறங்கியிருக்கிறார். வலுவில் கொஞ்சம் இழந்து வித்தைக்கான சுதந்திரத்தை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

தொழில்ரீதியாக அவர் எடுத்த பெரிய முடிவு வேறு. உச்சத்தில் இருந்தபோதே போட்டிச் சுற்றுகளைக் குறைத்துக்கொண்டு வீடியோக்களில் இறங்கினார். 2015-ல் வெளிவந்த ஒரு சைக்கிள் படத்துக்காக, கலிஃபோர்னியாவின் புல்மேடு ஒன்றில் தாவுமேடுகளைக் கட்டினார்கள். பக்கத்துச் சாலையில் வண்டி ஒன்று கேமராவோடு கூடவே ஓடியது, வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் முழு ஓட்டமும் பதிவானது. ஒரு தாவல் பிசகினால் முதலிலிருந்து எடுக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மவுண்டன் பைக் காட்சிகளில் அதைவிடச் சுத்தமானதை நான் பார்த்ததில்லை. இந்தப் பக்கம் அவர் ராலி கார் பந்தயத்திலும் இறங்கி அமெரிக்க தேசியப் பட்டங்களை வென்றிருக்கிறார், அது தனிக் கதை.

போட்டியே இல்லாமலும் ஒரு தொழில் அமையலாம் என்பதற்கு ஸ்காட்லாந்தின் டேனி மக்காஸ்கில் உதாரணம். அவர் ஃப்ரீரைடர் அல்ல, டிரையல்ஸ் என்ற சமநிலை வித்தைக்காரர். எடின்பரோவில் ஒரு சைக்கிள் கடையில் மெக்கானிக்காக இருந்தார். 2009 ஏப்ரலில் அவருடைய அறைத்தோழர் எடுத்த ஐந்தரை நிமிட வீடியோ யூட்யூபில் ஏறியது. வேலிக் கம்பியின் நுனி மேல் சைக்கிள் ஓட்டும் அந்தக் காட்சி சில நாளில் உலகம் சுற்றியது, மெக்கானிக் வேலையை விட்டுவிட்டார். அந்த வீடியோவுக்குப் பின்னால் மாதக்கணக்கான முயற்சியும் சறுக்கலும் இருந்ததை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

இந்தத் தொழிலுக்குள் நுழைய விண்ணப்பம், நேர்முகத் தேர்வு எதுவும் கிடையாது. பெரும்பாலானோர் சிறு வயதில் பிஎம்எக்ஸ் என்ற சின்னச் சைக்கிளிலோ மண்மேட்டுத் தாவலிலோ தொடங்குகிறார்கள். குட்டிக்கரணத்தை முதலில் பஞ்சுத் துண்டுகள் நிரப்பிய குழியில் பழகி, அப்புறம் காற்றடைத்த மெத்தையில், அதற்கும் அப்புறம்தான் மண்ணில். வேறொருவரின் டிக்கராக மண்வெட்டியோடு ராம்பேஜுக்குப் போய், எப்படி யோசிக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்துக் கற்றவர்களும் உண்டு. இருக்கும் ஊரும் முக்கியம். விஸ்லர் போல ஒரு மலை வீட்டு வாசலில் இருந்தால் கோடை முழுக்க நாளுக்குப் பத்து, பதினைந்து முறை இறங்கலாம். மலைக்கு ஆறு மணிநேரம் காரில் போகிறவனுக்கு அந்தப் பயிற்சி கிடைக்காது.

இனி, இந்தத் தொழிலில் யாரும் சிரித்துக்கொண்டே பேச முடியாத பகுதி. பால் பாசகோய்டியா என்ற அமெரிக்கர் 2004-ல் விஸ்லர் ஸ்லோப்ஸ்டைலில் யாரென்றே தெரியாத பையனாக வந்து, இரவல் சைக்கிளில் ஓட்டி வென்றவர். 2015 ராம்பேஜில் அவர் விழுந்தார். முதுகெலும்பின் ஒரு கணு நொறுங்கி, தண்டுவடம் பாதிக்கப்பட்டு, கால்கள் செயலிழந்தன. பல ஆண்டு விடாமுயற்சிக்குப் பின் ஊன்றி நடக்கும் அளவுக்கு மீண்டார், ஆனால் ரைடராக அவர் வாழ்க்கை அன்றோடு முடிந்தது. அடுத்த ஆண்டு ராம்பேஜ் பழைய இடத்தைவிட்டுப் புதிய இடத்துக்கு மாறியது, மரத்தில் கட்டிய பிரம்மாண்டத் தாவுமேடைகள் போயின, இரண்டு டிக்கர், கைக்கருவி என்ற விதி அப்போதுதான் வந்தது. ஆபத்து குறைந்ததா என்றால், கொஞ்சம்.

பெரிய விபத்தை விடுங்கள். தோள்பட்டை எலும்பு, மணிக்கட்டு, கணுக்கால், தலையில் அடி, இவையெல்லாம் இங்கே வருடாந்தரச் செலவு. பெரும்பாலான ரைடர்கள் நிறுவன ஊழியர்கள் அல்ல, தனியாள் ஒப்பந்தக்காரர்கள். மருத்துவக் காப்பீட்டை அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும், அதிலும் அமெரிக்காவில் அது என்ன விலை என்று சொல்லத் தேவையில்லை. ஒரு ரைடருக்குக் கடுமையாக அடிபட்டால் சில நாளில் இணையத்தில் நிதி திரட்டும் பக்கம் ஒன்று முளைக்கும், நண்பர்களும் ரசிகர்களும் போடுவார்கள். கோடிக்கணக்கானோர் பார்க்கும் நிகழ்ச்சியின் கலைஞனுக்கு ஆஸ்பத்திரிச் செலவை ரசிகன் கட்டுவது எந்த வகை நியாயம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

பெண்கள் இந்த மேடைக்கு வர 23 ஆண்டுகள் ஆயின. ஓட்டத் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. வாய்ப்பு இல்லாததால் ஸ்பான்சர் இல்லை, ஸ்பான்சர் இல்லாததால் பயிற்சிக்கு நேரமில்லை, இப்படி ஒரு வட்டம். அதை உடைக்க 2019-ல் கேட்டி ஹோல்டன் முதலானோர் ஃபார்மேஷன் என்ற கூடலை வெர்ஜினிலேயே தொடங்கினார்கள். அது போட்டி அல்ல, சேர்ந்து தோண்டி, சேர்ந்து ஓட்டி, ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்ளும் இடம். கேசி பிரவுன் ராம்பேஜுக்கான தகுதிப்போட்டியில் ஆண்களோடு நின்ற முதல் பெண் ஆனார். கடைசியில் 2024-ல் பெண்கள் பிரிவு வந்தது. வென்றவர் நியூசிலாந்தின் ராபின் கூம்ஸ், முன்னாள் ராணுவக்காரர். ராம்பேஜில் பின்பக்கக் குட்டிக்கரணம் போட்ட முதல் பெண்ணும் அவரே, ஒரே ஓட்டத்தில் இரண்டு.

எவ்வளவு காலம் இப்படி ஓட்டலாம்? ஸ்லோப்ஸ்டைல் இளைஞர் விளையாட்டு, இருபதுகளின் கடைசியிலேயே முதியவர் ஆகிவிடுவார்கள். பெரிய மலை கொஞ்சம் கருணை காட்டும், அங்கே அனுபவம் பேசும். கேம் ஸிங்க் ராம்பேஜை 2010-ல் வென்றார், மறுபடி வென்றது 2023-ல், வயது 37. வேட் சிம்மன்ஸ் போட்டிகளை விட்ட பிறகும் ராக்கி மவுண்டன் நிறுவனத்தின் முகமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார், ஆனால் அப்படி நிலைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் பயிற்சியாளர் ஆகிறார்கள், கேமரா பிடிக்கிறார்கள், சைக்கிள் பூங்காக்களுக்குப் பாதை கட்டுகிறார்கள். இங்கிலாந்தின் சாம் ரெனால்ட்ஸ் தென்னாப்பிரிக்காவில் டார்க்ஃபெஸ்ட் என்ற பெயரில் உலகின் மிகப் பெரிய தாவுமேடுகளைக் கட்டி நண்பர்களை அழைத்தார். அங்கே நடுவர் கிடையாது, யார் நன்றாக ஓட்டினார் என்பதை ரைடர்களே கூடிச் சொல்லிக்கொள்கிறார்கள்.

உடம்பு ஒத்துழைத்தாலும் சந்தை ஒத்துழைக்க வேண்டும். கொரோனா காலத்தில் சைக்கிள் விற்பனை பொங்கியது, நிறுவனங்கள் கண்மூடித்தனமாக ஆர்டர் போட்டன. பிறகு வாங்குவோர் குறைந்து கிடங்குகளில் சரக்கு தேங்கியது. 2024 டிசம்பரில் ராக்கி மவுண்டனே கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு கேட்க வேண்டி வந்தது. இப்படி ஒரு நெருக்கடி வந்தால் நிறுவனங்கள் முதலில் கைவைப்பது விளம்பரச் செலவில், அதாவது ரைடர்களின் சம்பளத்தில். ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டுக்குத்தான், பலருக்கும் அவை முடிவது டிசம்பரில்.